உங்களுக்குத் தெரியுமா? கிரேடர் ஜாக்கின் வயிற்றுக்குள்ளே!

உள்விட்டம் 100 மி.மீ. எண்ணெய் அழுத்தம் 200 பார். பழைய ரோடு கிரேடரின் ஒற்றை ஹைட்ராலிக் ஜாக் தள்ளும் பாரம் எவ்வளவு தெரியுமா? 16 டன்!

அதே ஜாக் இழுக்கும்போது கதை வேறு. 60 மி.மீ. ராடு உள்ளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பலம் 10 டன்னுக்கு இறங்கிவிடும். ஆனால் வேகம் ஒன்றரை மடங்கு ஏறிவிடும்!

200 பார் என்பதைப் பாஸ்கல் கணக்கில் சொன்னால் 2 கோடி!

அந்தப் பாஸ்கல் யார்? பிரான்ஸ் நாட்டு பிளேஸ் பாஸ்கல். அடைத்து வைத்த திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினால் எல்லாப் பக்கமும் அதே அழுத்தம் பரவும் என்று எழுதி வைத்தவர். அது புத்தகமாக வந்தது 1663-ல். அவர் இறந்தது 1662-ல், 39 வயதில்!

இன்னொன்றைக் கேளுங்கள். பாரீஸ் நகரத்தில் குறிப்பிட்ட வழித்தடத்தில், குறிப்பிட்ட கட்டணத்தில் ஓடும் குதிரை வண்டி சர்வீஸைத் தொடங்கி வைத்தவரும் இதே பாஸ்கல்தான். ஆண்டு 1662. டவுன் பஸ்ஸுக்கும் அவர்தான் முன்னோடி, ஹைட்ராலிக் ஜாக்குக்கும் அவர்தான் முன்னோடி!

ஒரு கிரேடரில் எத்தனை ஜாக்? பிளேடைத் தூக்க 2. பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்த 1. அதைத் தாங்கும் சட்டத்தையே ஒதுக்க 1. பிளேடை முன்னும் பின்னும் சாய்க்க 1. முன்சக்கரத்தைச் சாய்க்க 1. ஸ்டியரிங்குக்கு 2. இடுப்பை வளைக்க 2. மண்ணைக் கீறும் பல்லுக்கு 1. ஆகமொத்தம் 11! மாடலுக்கு மாடல் ஒன்றிரண்டு கூடும், குறையும்.

ஒரு ஜாக்குக்கு ஏழெட்டு சீல், வளையம். 11 ஜாக்குக்கு எண்ணிப் பாருங்கள். 80-ஐத் தொடுகிறது! இதில் ஒன்று கிழிந்தாலும் பிளேடு சொன்ன பேச்சு கேட்காது.

கிரேடரின் முன்சக்கரம் ஏன் ஒருக்களித்து நிற்கிறது என்று யோசித்ததுண்டா? மண் பிளேடை ஒரு பக்கம் தள்ளும்போது வண்டி வழுக்காமல் எதிர்த்து நிற்கத்தான். அமெரிக்காவின் ஜே. டி. ஆடம்ஸ் இதைக் கொண்டுவந்தது 1885-ல். அப்போது கிரேடருக்கு எஞ்சினே கிடையாது. குதிரை இழுத்தது!

கேட்டர்பில்லர் கம்பெனி ரஸ்ஸல் என்ற கிரேடர் கம்பெனியை வாங்கியது 1928-ல். மூன்றே வருடம். 1931-ல் ஒரே உடலாக, தானே ஓடும் 'ஆட்டோ பேட்ரோல்' கிரேடர் வந்துவிட்டது!

ஆனால் அந்தக் கேட்டர்பில்லர் கிரேடர்களில் வெகுகாலம் பிளேடைத் தூக்க ஜாக்கே கிடையாது. எல்லாம் பல்சக்கரமும் ஷாஃப்டும்தான். ஹைட்ராலிக் லீவர் முழுசாக வந்து உட்கார்ந்தது 1970-களில்!

நம்ம நாட்டுக் கணக்கு? பி.இ.எம்.எல். எனும் பாரத் எர்த் மூவர்ஸ் பிறந்தது 1964 மே மாதம். அதன் பிஜி 605 கிரேடரை நீங்கள் ஏதாவது ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் கட்டாயம் கடந்திருப்பீர்கள்!

சமையல் எண்ணெய் விற்ற ஒரு கம்பெனி ஜாக் செய்ய வந்தது தெரியுமா? 1945-ல் மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் வனஸ்பதி, எண்ணெய் என்று தொடங்கிய விப்ரோதான் அது! கம்ப்யூட்டருக்குப் போனது ஒரு கிளை. 1970-களின் நடுவில் ஹைட்ராலிக் சிலிண்டர் செய்யப் போனது இன்னொரு கிளை. 2006-ல் ஸ்வீடன் நாட்டு ஹைட்ராட்டோ கம்பெனியையே வாங்கிவிட்டது!

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களே, இனிமேல் வருவது உங்களுக்கு. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்!

ஜாக்கின் ராடு எந்த இரும்பு? பெரும்பாலும் நடுத்தர கார்பன் எஃகு. அதில் முக்கால் சதவீத அளவுக்கு மாங்கனீஸ் சேர்ந்திருக்கும். எஃகு வார்ப்பில் மாங்கனீஸ் சேர்க்க 1839-ல் இங்கிலாந்தில் பேட்டன்ட் எடுத்தவர் யார்? ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். சேலத்தில் ஜமீன் வைத்திருந்தவர். நம்ம சேலம் இரும்புத்தாதுவை நம்பிப் பறங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை போட்டவர்!

சேலத்துக்குத் தென்மேற்கே நிற்கிறதே கஞ்சமலை, அந்தப் பக்கத்துத் தாதுதான் ஹீத்தை மயக்கியது. பேட்டன்ட் எடுத்தும் அவருக்குப் பணம் வரவில்லை. வழக்கு மேல் வழக்கு. 1851-ல் கண்ணை மூடிவிட்டார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆலைகளோ அவர் சொன்ன வழியிலேயே எஃகு செய்து கொழித்தன. இந்த மனிதருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றுதான் நாம் சொல்வோம்!

ஹீத்தின் பறங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி, பிரிட்டானியா பாலத்துக்கும் போனது என்கின்றன பழைய ஏடுகள். அந்தப் பாலத்தின் ராட்சத இரும்புக் குழாய்களை மேலே தூக்கியது எது? ஹைட்ராலிக் ஜாக்! ஆயிரம் டன்னுக்கு மேல் பாரம்!

இங்கேதான் ஒரு திகில். 1849 ஆகஸ்ட். தூக்கிக்கொண்டிருக்கும்போது ஜாக்கின் அடிப்பாகம் வெடித்துப் பிய்ந்து விழுந்தது. குழாய் அதலபாதாளத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை! சில அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. காரணம்? பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் போட்ட கண்டிப்பான உத்தரவு. குழாய் ஏற ஏற அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்!

175 வருடம் கழிந்தும் அந்த உத்தரவு அப்படியே செல்லும். கிரேடர் பிளேடு தரையில் உட்காராமல் ஜாக்கில் கை வைக்கக் கூடாது. தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் கனமான கட்டை அடியில் இருக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுத்தவர்கள் எழுந்துவராத கதைகள் எல்லா ஊரிலும் உண்டு!

பளபளவென்று மின்னும் ராடு ஸ்டெயின்லெஸ் என்று நினைத்தீர்களா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பேர்போன சேலத்திலேயே பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை! உள்ளே சாதா கார்பன் எஃகு. வெளியே தோல் மட்டும் குரோமியம்!

அந்தத் தோலின் கனம் எவ்வளவு? 20 முதல் 30 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றின் கனத்தில் பாதிகூட இல்லை!

ஆனால் கடினம்? அரம் போட்டுத் தேய்த்தாலும் அசையாத அளவு. விக்கர்ஸ் அளவில் 850-ஐத் தாண்டும்!

அந்தக் கடினமான குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்கி அடியிலுள்ள எஃகைத் துரு பிடிக்க வைக்கும். மேலே ஒரு கரும்புள்ளி. அடியில் ஒரு குழி. அந்தக் குழி ஒவ்வொரு முறை போய் வரும்போதும் சீலைக் கத்தரிக்கும்!

ஆகவே வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்களா? பிளேடைத் தரையில் இறக்குங்கள். எந்தெந்த ராடை உள்ளே இழுக்க முடியுமோ இழுத்துவிடுங்கள். வெளியே நிற்கும் ராடுக்குக் கிரீஸ் பூசுங்கள். ஒரு டப்பா கிரீஸ் போதும். மறுபடி குரோம் ஏற்றும் செலவு மிச்சம்!

குரோம் ஏற்றுவது எவ்வளவு மெதுவான வேலை தெரியுமா? தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் ஏறுவது அதிகம் போனால் 25 மைக்ரான்!

குரோமியத் தாது எங்கே கிடைக்கிறது? ஒடிசா என்பீர்கள். சரிதான். ஆனால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் பாறைக்குள் குரோமைட் அடுக்கு இருக்கிறது! மிகப் பழைய பாறை அது.

சித்தம்பூண்டிப் பாறையின் பெருமை அதோடு முடியவில்லை. அங்கேயுள்ள அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்து சுமார் 50 டன் எடுத்துப் பொடியாக்கி, பெங்களூரில் செயற்கை நிலவுத் தரை அமைத்து, சந்திரயான்-2 லேண்டரை இறக்கிச் சோதித்தது இஸ்ரோ!

சரி, சீலுக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது!

ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு 1795-ல் பேட்டன்ட் வாங்கியவர் ஜோசப் பிரேமா. தண்ணீரைத் தப்பவிடாமல் தடுத்தது என்ன? ஒரு தோல் வளையம்! உள்ளே குழிவாக மடித்த தோல். அழுத்தம் ஏற ஏற அதன் உதடு விரிந்து சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டும். அதைச் செய்துகொடுத்தவர் என்று அவரது பட்டறைத் தொழிலாளி ஹென்றி மாட்ஸ்லேயைச் சொல்கிறார்கள்!

நம்ம ஊர் அடிபம்பில் மாற்றுவோமே தோல் வாஷர், அதுவும் அந்தக் குடும்பம்தான். இன்றைக்கு உங்கள் கிரேடரில் இருக்கும் பாலியூரித்தேன் யு-சீலும் அதே குடும்பம். 200 வருடத்தில் தோல் போய் பிளாஸ்டிக் வந்தது. வடிவம் மாறவே இல்லை!

அதனால்தான் யு-சீலைத் திருப்பி மாட்டினால் புத்தம்புது சீலும் ஒழுகும். குழிந்த வாய் எண்ணெய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் அன்று மாலையே மறுபடி கழற்ற வேண்டும்!

பிரேமா லேசுப்பட்ட ஆள் இல்லை. 1790-ல் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகையும் வைத்தார். யாராலும் முடியவில்லை. அவர் இறந்தும்போனார். கடைசியில் அமெரிக்கர் ஏ. சி. ஹாப்ஸ் அதைத் திறந்தது 1851-ல். 61 வருடம் பூட்டியே இருந்த பூட்டு!

ஓ-ரிங்கைக் கண்டுபிடித்தவர் இளைஞரா? இல்லவே இல்லை! டென்மார்க்கில் பிறந்து அமெரிக்கா போன நீல்ஸ் கிறிஸ்டென்சன் பேட்டன்டுக்கு மனுப் போட்டபோது வயது 72!

இரண்டாம் உலகப்போர் வந்தது. விமானத்துக்கெல்லாம் ஓ-ரிங் வேண்டும். அமெரிக்க அரசு அந்தப் பேட்டன்டை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டு அவர் கையில் கொடுத்த தொகை 75,000 டாலர்!

ஒரு ஓ-ரிங் என்ன செய்யும் என்கிறீர்களா? 1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. 7 பேர் பலி. குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையம்தான் காரணம்!

ஓ-ரிங் மட்டும் தனியாக இருந்தால் 100 பார் வரைதான் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் இடுக்கில் பிதுங்கிக் கிழியும். அதனால்தான் அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பேக்-அப் ரிங். பழைய ஜாக்கைப் பிரிக்கும்போது இந்த ஒல்லி வளையத்தைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்!

பிஸ்டன் மேல் இருக்கும் வழுவழுப்பான டெஃப்லான் வளையம் தற்செயலாகக் கிடைத்தது. 1938 ஏப்ரல் 6. ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளரின் கேஸ் சிலிண்டரைத் திறந்தால் கேஸ் வரவில்லை. ஆனால் எடை குறையவும் இல்லை. அறுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைப் பொடி!

டெஃப்லான் வளையம் கையால் இழுத்தால் வராது. வெந்நீரிலோ சுடவைத்த எண்ணெயிலோ சற்றுப் போட்டால் இளகும். மாட்டியபின் ஒரு உறை போட்டு இறுக்கிப் பிடித்தால் பழைய அளவுக்குத் திரும்பும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் கீறல். கீறல் என்றால் ஒழுகல்!

நைட்ரைல் ரப்பர், பாலியூரித்தேன், டெஃப்லான். ஜாக்கைக் காக்கும் மூன்றும் பிறந்த பத்தாண்டு ஒன்றே ஒன்று. 1930-கள்!

எல்லா ரப்பரும் ஒன்றல்ல! இபிடிஎம் ரப்பர் பிரேக் ஃபுளூயிடில் சொகுசாக இருக்கும். ஹைட்ராலிக் எண்ணெயில் போட்டால் ஊதிப் பெருத்து உபயோகமில்லாமல் போகும். பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு வளையம்!

சீல் கடைக்குப் பழைய சீலைக் கொண்டுபோய் அளவு கேட்கிறீர்களா? ஏமாந்தீர்கள்! எண்ணெயில் ஊறிய சீல் வீங்கியிருக்கும். தேய்ந்த சீல் சுருங்கியிருக்கும். அளக்க வேண்டியது சீலை அல்ல, அது உட்கார்ந்திருந்த காடியை. கூடவே ராடு விட்டம், பேரல் உள்விட்டம்!

பழைய அமெரிக்க வண்டி அங்குலத்தில் பேசும். 4 அங்குலம் என்றால் 101.6 மி.மீ. கடையில் 100 மி.மீ. சீல் கைக்கு வரும். வித்தியாசம் வெறும் 1.6 மி.மீ. அந்த இடைவெளியில் எண்ணெய் ஆறாக ஓடும்!

அரை அங்குலக் குழாய் மரையில் ஒரு பெரிய சூழ்ச்சி இருக்கிறது. பிரிட்டிஷ் பிஎஸ்பி மரைக்கும் அமெரிக்க என்பிடி மரைக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறும். ஆனால் ஒன்றின் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60 டிகிரி. ஏறும், இறுகும், ஒழுகும்!

ஜாக் தானாக இறங்குகிறது. உடனே பிஸ்டன் சீல் போச்சு என்று முடிவுகட்டுகிறீர்களா? அவசரப்படாதீர்கள். இதுதான் இந்தப் பக்கத்தின் பெரிய அதிசயம்!

ஒரு ஜாக்கை நிமிர்த்தி வையுங்கள். பிஸ்டன் சீலை முழுசாகக் கழற்றி எறியுங்கள். காற்றில்லாமல் எண்ணெய் நிரப்பி இரண்டு வாயையும் அடையுங்கள். இப்போது ராடு தலையில் பாரத்தை வையுங்கள். துளி அமுங்கும், அவ்வளவுதான். நின்றுவிடும்! ராடு உள்ளே நுழைய வேண்டுமானால் அதன் கன அளவுக்கு எண்ணெய் வெளியேற வேண்டுமே. போக வழி ஏது?

அப்படியானால் எண்ணெய் எங்கே தப்பிக்கிறது? பல சமயம் கன்ட்ரோல் வால்வில்! வால்வுக்குள் ஓடும் ஸ்பூலுக்கும் அதன் துவாரத்துக்கும் நடுவே சீலே கிடையாது. சில மைக்ரான் இடைவெளி மட்டுமே. புது வால்வே கொஞ்சம் கசியும். இருபது வருஷம் தேய்ந்த வால்வைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா!

ஆனால் கிரேடரின் பிளேடு ஜாக் தலைகீழாகத் தொங்குகிறது. பிளேடின் கனம் ராடை உள்ளே தள்ளவில்லை, வெளியே இழுக்கிறது. அங்கே சட்டமே மாறிவிடும். அங்கே பிஸ்டன் சீல் கிழிந்தால் பிளேடு நிச்சயம் இறங்கும். ஒரே வண்டி, ஒரே மாதிரி ஜாக், இரண்டு நேர்மாறான நியாயம்!

சாயங்காலம் பிளேடைத் தூக்கி நிறுத்துகிறீர்கள். எண்ணெய் சூடு 65 டிகிரி. விடியற்காலை 25 டிகிரி. எங்கேயும் சொட்டுக் கசிவில்லை. ஆனாலும் பிளேடு இறங்கியிருக்கும்! குளிர்ந்த எண்ணெய் சுருங்கியதுதான் காரணம். ஒரு மீட்டர் நீள எண்ணெய்த் தூணுக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் மேல்!

இது தெரியாமல் நல்ல ஜாக்கைப் பிரித்துப் போட்டுப் புது சீல் கிட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால் சொல்கிறோம்!

இதற்கு நேர் எதிர்க் கூத்து இன்னொன்று. எண்ணெய் நிரம்பிய ஜாக்கின் இரண்டு வாயையும் இரும்பு பிளக் போட்டு இறுக்கிச் சேலத்துச் சித்திரை வெயிலில் போட்டால்? சூடு ஒரு டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 10 பார் ஏறும். 20 டிகிரி ஏறினால் 200 பார்! பம்பும் இல்லை, எஞ்சினும் இல்லை!

பிஸ்டன் சீல் போனதா இல்லையா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. ராடை முழுசாக வெளியே தள்ளுங்கள். எஞ்சினை அணைத்து அழுத்தத்தை விடுவியுங்கள். ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாயை அடைத்துவிடுங்கள். மறுபடி அதே பக்கம் தள்ளுங்கள். திறந்த வாயில் எண்ணெய் நிற்காமல் வந்தால் சீல் காலி. வராவிட்டால் ஜாக் மேல் குற்றமில்லை!

அந்தத் திறந்த வாயை அடைத்துக்கொண்டு தள்ளினால் என்ன ஆகும்? 200 பார் உள்ளே போனால் ராடு பக்கம் 312 பார் ஆகிவிடும்! பரப்பு குறைந்த பக்கம் அழுத்தம் பெருகும். ராடைச் சுற்றி வாயை மூடும் கிளாண்டே பிய்த்துக்கொண்டு வரலாம்!

பிஸ்டன் வெளியே வரமாட்டேன் என்கிறதா? கம்ப்ரஸர் காற்றை வைத்து ஊதித் தள்ளாதீர்கள். வெறும் 7 பார் காற்று 100 மி.மீ. பிஸ்டனைத் தள்ளும் பலம் 560 கிலோ! அதுவும் எண்ணெய் மாதிரி அடங்கி வராது. துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பும்.

நாமக்கல் லாரி டயரில் அடிக்கும் காற்று ஏறக்குறைய 7, 8 பார். ஊசித்துளைக் கசிவில் பீய்ச்சும் எண்ணெய் உங்கள் தோலைத் துளைக்க அந்த 7 பாரே போதும். கிரேடர் ஹோஸில் ஓடுவது 200!

எண்ணெய் தோலுக்குள் புகுந்தால் முதலில் எறும்புக்கடி அளவுதான் தெரியும். பெரிய வலி இருக்காது. அதுதான் ஆபத்து! சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை ஆகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் 'ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது' என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

கசிவைக் கையால் தடவித் தேடவே தேடாதீர்கள். ஒரு அட்டைத் துண்டு போதும். எண்ணெய் அட்டையில் காட்டிக்கொடுத்துவிடும்!

உங்கள் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய தூசி சுமார் 40 மைக்ரான். ஜாக்கையும் பம்பையும் தின்னும் தூசி 5, 10 மைக்ரான். அதாவது, எதிரியை நீங்கள் பார்க்கவே முடியாது!

புது பேரலை உடைத்து ஊற்றினால் சுத்தமான எண்ணெய் என்று நினைப்போம். இல்லை! பேரலில் வரும் புது எண்ணெயே பல சமயம் ஹைட்ராலிக் சிஸ்டத்துக்குப் போதுமான சுத்தத்தில் இருக்காது. வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும்.

ஹைட்ராலிக் டேங்க் மூச்சு விடும், தெரியுமா? ஒரு மீட்டர் ராடு உள்ளே போகும்போது 2.8 லிட்டர் எண்ணெய் கூடுதலாக டேங்குக்குத் திரும்பும். வெளியே வரும்போது அதே அளவு காற்றை டேங்க் உறிஞ்சும். கிரேடர் நிற்பது எங்கே? புழுதிக்கு நடுவே! மூச்சுக்குழாய் ஃபில்டரை மாற்ற மறந்தால் டேங்க் குடிப்பது புழுதி!

ஒரு ஜாக்கில் விலை குறைந்த உருப்படிகளில் ஒன்று வைப்பர் சீல். அது எண்ணெயைத் தடுப்பதே இல்லை. ராடில் ஒட்டிய மண்ணை வழித்தெறிவது மட்டுமே வேலை. அது கிழிந்தால் மற்ற அத்தனை சீலும் வரிசையாகப் போகும். மழைக்காலம் முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்!

ஜாக்கைப் பிரித்துக் கூட்டியதும் ஃபுல் ஸ்பீடில் லீவரை இழுக்கிறீர்களா? வேண்டாம்! உள்ளே மாட்டிய காற்றுக் குமிழியைத் திடீரென நசுக்கினால் அது தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். டீசல் எஞ்சினில் நடக்கிற அதே வேலை. புது சீல் உள்ளேயே கருகிவிடும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நாலைந்து முறை நிதானமாகத் தள்ளி இழுத்தால் காற்று டேங்குக்குப் போய்விடும்.

எண்ணெய் கெட்டி, அமுங்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அமுங்கும்! 70 பாருக்கு அரை சதவீதம்.

சூடு 82 டிகிரியைத் தாண்டினால் சீலுக்கும் எண்ணெய்க்கும் ஆயுள் குறைய ஆரம்பிக்கும். மேலே ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும்!

ராடின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அது வளையாமல் தாங்கும் பாரம் பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? கால்வாசியாகும்!

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் சாலை ஒரு பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். சமவெளியில் அதிகபட்சம் 7 சதவீதம், மலையில் 10 சதவீதம். 3.66 மீட்டர் பிளேடில் 7 சதவீதச் சரிவு வேண்டுமென்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உயர வித்தியாசம் 25 சென்டிமீட்டருக்கும் மேல். இதை இரண்டே இரண்டு ஜாக் நிர்ணயிக்கிறது. அதில் ஒன்று நழுவினால் சாலையே கோணல்!

லண்டனின் டவர் பிரிட்ஜ் 1894-ல் திறந்தது. ஆயிரம் டன்னுக்கு மேல் கனமுள்ள இரண்டு கதவுகளையும் தூக்கியது தண்ணீர் ஹைட்ராலிக். அது எண்ணெய்க்கு மாறியது 1970-களின் நடுவில்தான். உங்கள் பழைய கிரேடருக்கும் அந்தப் பாலத்துக்கும் எண்ணெய் வயது ஏறக்குறைய ஒன்று!

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போய்த் துளை போடுகின்றன. கம்பத்தை நிமிர்த்துவது ஜாக். வண்டியைச் சமமாகத் தாங்குவது ஜாக். நாமக்கல் டிப்பரைக் கவிழ்ப்பதும் ஜாக். கிரேடர் ஜாக்குக்குத் தெரிய வேண்டிய லேத் வேலையும் ஹோனிங்கும் குரோமும் இந்த வட்டாரத்துக்குப் புதிதே இல்லை. ராடு வளைந்தால் நிமிர்த்தலாம், அளவுக்கு மேல் வளைந்தால் புதிதாகக் கடையலாம். பேரல் கீறினால் ஹோனிங் போட்டுப் பெரிய சீல் மாட்டலாம். கண் புஷ் தேய்ந்தால் புது புஷ் அடிக்கலாம். இருபது, முப்பது வருஷ ஜாக்கைப் பழைய இரும்புக்குப் போடுவது எங்களுக்குச் சம்மதமே இல்லை!

கடைசியாக ஒரு கணக்கு. கிளாண்டில் விநாடிக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகுகிறது. சொட்டுத்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் வருஷத்துக்கு 1,577 லிட்டர். ஏழரை பேரல்!